நெருப்புக்குக் காத்திருந்த நீலப்பூ

1

2020 செப்டம்பர் 9ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் சரியாக விடியவே இல்லை. அலாரம் அடித்து எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிறம். மணி எட்டரை. தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. கலிஃபோர்னியாவின் பல காடுகள் ஒரே சமயத்தில் எரிந்து, அந்தப் புகை எங்கள் தலைக்கு மேல் போர்வை மாதிரி வந்து படுத்திருந்தது. வெயிலில் இருக்கும் நீலத்தைப் புகை சிதறடித்துவிட, கீழே வந்து சேர்ந்தது ஆரஞ்சும் சிவப்பும்தான். காலை மீட்டிங்கில் எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் அதே நிறம். கொஞ்ச நேரம் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

போனை எடுத்துப் படம் பிடித்தேன். திரையில் வந்தது சாம்பல் நிற வானம். மறுபடி எடுத்தேன், மறுபடியும் சாம்பல். அன்றைக்கு இங்கே நிறைய பேருக்கு இதே அனுபவம். போன் கேமராவில் இருக்கும் மென்பொருள், வெளிச்சத்தின் நிறத்தை ஊகித்து, வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற மாதிரி படத்தைத் திருத்தும். வானம் இவ்வளவு ஆரஞ்சாக இருக்க வாய்ப்பே இல்லைன்னு அது முடிவு கட்டிவிட்டது. படத்தை அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "என்னடா, மழை வரப்போகுதா?" என்று கேட்டாள்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு அந்தக் கேமரா மேல் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். வழக்கத்துக்கு மாறான தரவு வந்தால் பிழை என்று எடுத்துக்கொள், திருத்திவிடு. ஆனால் அந்தச் சாம்பல் வானம் மனசில் தங்கிவிட்டது. நான்கு வருஷம் கழித்து ஒரு செடியின் வரலாற்றைத் தேடிப் போனபோது, இதே மாதிரி ஒரு திருத்தம் இந்த நிலத்தில் இருநூறு வருஷத்துக்கும் மேலாக நடந்திருக்கிறது என்று தெரியவந்தது.

2

அந்த ஆரஞ்சு நாளுக்கு மூன்று வாரம் முன்னால், 2020 ஆகஸ்ட் 16 விடிகாலையில், வளைகுடாப் பகுதி முழுக்க மழையில்லாத மின்னல் அடித்தது. இங்கே கோடையில் மின்னல் என்பதே அபூர்வம். சாண்டா குரூஸ் மலைகளில் அங்கங்கே பிடித்த தீ ஒன்றுசேர்ந்து 86,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ஏறத்தாழ 1,490 கட்டடங்கள் போயின. ஓர் உயிரும் போனது. 1902இல் தொடங்கப்பட்ட, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்காவான பிக் பேசினில் 97 சதவீதம் எரிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயசான ரெட்வுட் மரங்கள் நிற்கும் காடு அது.

2024 ஏப்ரலில் அங்கே போனேன். எரிந்த காட்டைப் பார்க்கும் மனநிலையோடுதான் போனேன். மரங்கள் கரிக்கம்பங்களாக நின்றன. அவற்றின் உடம்பு முழுக்கப் பச்சைத் துளிர், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. அதை எதிர்பார்த்திருந்தேன், படங்களில் பார்த்ததுதான். எதிர்பார்க்காதது கீழே இருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் ஒரே நீலம். வெளிர்நீலப் பூங்கொத்துகள், நுரை மாதிரி. பக்கத்தில் போனால் தேன் வாசனை. புதர் முழுக்கத் தேனீக்களின் இரைச்சல்.

பாதையோரம் ஒரு தன்னார்வல வழிகாட்டி நின்றுகொண்டிருந்தார். எழுபது வயசிருக்கும் பெண்மணி. "இத்தனை செடியை யார் நட்டாங்க?" என்று கேட்டேன். பூங்கா நிர்வாகம் நட்டிருக்கும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"யாரும் நடலை. இங்கேயேதான் இருந்துச்சு."

"தீக்கு முன்னாடி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இந்த இடத்துல ஒண்ணுகூடப் பார்த்ததில்லை. மண்ணுக்குள்ள இருந்துச்சு."

செடியின் பெயர் சியனோத்தஸ் திர்சிஃப்ளோரஸ். இங்கே சாதாரணமாக 'புளூபிளாசம்', அதாவது நீலப்பூ என்பார்கள். கலிஃபோர்னியா லைலாக் என்றும் சொல்வார்கள், உண்மையான லைலாக்குக்கும் இதற்கும் உறவு கிடையாது. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் புதர். நன்றாக வளர்ந்தால் சின்ன மரம். மினுங்கும் சின்ன இலை, இலையில் அடியிலிருந்து கிளம்பும் மூன்று நரம்புகள். அந்த மூன்று நரம்பை எங்கேயோ பார்த்த நினைவு. வீட்டுக்கு வந்து தேடியபோது குடும்பப் பெயர் கிடைத்தது: ராம்னேசியே. நம்ம இலந்தையின் குடும்பம். கரிசல்காட்டு ஓடையோரத்தில் கையைக் கிழித்துக்கொண்டு நான் பொறுக்கித் தின்ற இலந்தையின் இலையிலும் அதே மூன்று நரம்பு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சிவப்பாக்கும் வேம்பாடம்பட்டையும் இதே குடும்பம்தான். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் தெரியாத முகம் ஒன்று நம் தாத்தா சாயலில் சிரிப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

3

'மண்ணுக்குள்ள இருந்துச்சு' என்று அந்தப் பெண்மணி சொன்னது உவமை இல்லை.

சியனோத்தஸின் காய் மூன்று அறைகள் கொண்டது. முற்றிக் காய்ந்ததும் வெடித்து விதையைத் தூர எறியும். சின்ன வயசில் எச்சில் தொட்டு வெடிக்கவைத்த பட்டாசுக்காய் மாதிரி, ஆனால் இதற்குத் தண்ணீர் வேண்டாம், வெயில் போதும். விதை மிளகைவிடச் சின்னது. அதன் தோல் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது. கீழே விழுந்து, சருகில் மூடி, மண்ணில் இறங்கி, அப்படியே கிடக்கும். ஒரு வருஷம் இல்லை, பல பத்தாண்டுகள். மேலே தாய்ச்செடி வயசாகிச் செத்துப் போகலாம், நிழலில் மூடிய காடு வளரலாம். விதைக்கு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் தீ வரும். மண்ணின் மேல்தட்டு சுடும். அந்தச் சூட்டில் விதைத்தோல் விரிசல் விடும். அடுத்த குளிர்கால மழையில் அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வசந்தத்தில் எரிந்த மண் முழுக்க முளைகள். போட்டிக்கு நிழல் இல்லை, சாம்பலில் சத்து இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. பயறுவகைச் செடிகள் மாதிரி இதன் வேரிலும் முடிச்சுகள் இருக்கின்றன. ஃபிரான்கியா என்ற நுண்ணுயிர் அதில் குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. நம் ஊரில் சணப்பு விதைத்து மடக்கி உழுவார்களே, அந்த வேலையை எரிந்த மலையில் இந்தச் செடி செய்கிறது.

சியனோத்தஸ் பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலானவை கலிஃபோர்னியாவில். சில இனங்கள் தீக்குப் பின் அடிவேரிலிருந்து துளிர்க்கும். சில விதையை மட்டுமே நம்பியிருக்கின்றன, தீயில் செடி முழுசாகச் செத்துவிடும். இந்தச் செடிகள் வாழும் புதர்க்காட்டுக்குச் சப்பாரல் என்று பெயர். ஓக் புதரைக் குறிக்கும் 'சப்பாரோ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. முள்ளும் குச்சியும் கிழிக்காமல் இருக்க மாட்டுக்காரர்கள் போட்டுக்கொண்ட தோல் காலுறைக்கு 'சாப்ஸ்' என்ற பெயரும் அந்த வழியில் வந்ததுதான்.

அதாவது, இந்தச் செடியின் வாழ்க்கையில் தீ ஒரு விபத்து இல்லை. பருவமழை மாதிரி. என்ன, வருவதற்குத் தலைமுறை ஆகும். அப்படியானால் இந்தச் செடியைப் பற்றி எழுதியவர்கள் முதல் வரியிலேயே தீயைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். எழுதினார்களா என்று தேடினேன்.

4

1769 அக்டோபர். காஸ்பார் தெ போர்த்தோலா தலைமையில் ஸ்பானியப் படையணி ஒன்று மான்டெரே விரிகுடாவைத் தேடி, அது எதிரில் இருந்தும் அடையாளம் தெரியாமல் தாண்டி, கடலோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. பலருக்கு ஸ்கர்வி நோய், நடக்க முடியவில்லை. பிக் பேசினுக்கு மேற்கே, கடலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் கிரோஸ்தே மக்களின் ஊர் இருந்தது. அவர்கள் இந்த அந்நியர்களுக்கு விதைமாவில் செய்த உணவைக் கொடுத்தார்கள். கூட வந்த பாதிரியார் ஹுவான் கிரெஸ்பி தன் நாட்குறிப்பில், வழிநெடுக மக்கள் புல்வெளிகளை எரித்திருந்ததைக் குறித்துவைத்தார்.

அந்த எரிப்பு கண்டபடி நடந்ததில்லை. புல்விதை அவர்களுக்கு உணவு. எரித்தால் அடுத்த வருஷம் விதை நன்றாகப் பிடிக்கும், மான் மேய வரும், முள்ளும் புதரும் ஏறாது. கலிஃபோர்னியாவின் பல பகுதிகளில் கூடை பின்னும் பெண்களுக்கு நெருப்பு இன்னொரு வகையில் தேவை. பழைய புதரின் குச்சி கிளைத்து வளைந்து கிடக்கும், கூடைக்கு ஆகாது. எரித்துவிட்டால் அடியிலிருந்து நேராக, நீளமாக, வளைத்தால் ஒடியாத குச்சி வரும். சியனோத்தஸின் சில இனங்களையும் அவர்கள் இப்படித்தான் வளர்த்து வெட்டினார்கள். பூவைத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் நுரை வரும், சோப்பு மாதிரி. பூந்திக்கொட்டையிலும் சீகைக்காயிலும் இருக்கும் அதே சபோனின்.

1776இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்பானியர்கள் ஒரு கோட்டையையும் ஒரு மிஷனையும் கட்டினார்கள். 1791இல் சாண்டா குரூஸ் மிஷன். மிஷன்களுக்கு மாடுகள் வந்தன. மாட்டுக்குப் புல் வேண்டும். எரிந்த புல்வெளி அவர்கள் கண்ணுக்கு நஷ்டம். 1793 மே 31ஆம் தேதி, அப்போது கலிஃபோர்னிய ஆளுநர் பொறுப்பில் இருந்த ஹோசே ஹோவாகின் தெ அரில்லாகா ஓர் ஆணை போட்டார். இந்தியர்கள் புல்வெளிகளுக்குத் தீ வைப்பது தடை செய்யப்படுகிறது.

தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஒரு விவசாயமுறை ஒரே ஆணையில் குற்றமாகிவிட்டது. அதே வருஷம் டிசம்பர் 14 இரவு, கிரோஸ்தே மக்கள் சாண்டா குரூஸ் மிஷனைத் தாக்கிக் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். அதற்குத் தங்கள் மக்களை மிஷன் பிடித்துவைத்திருந்தது முதலான காரணங்கள் இருந்தன. தீத் தடைக்கும் அந்தத் தீக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. இருபத்துநான்கு வருஷம் முன்னால் சோறு போட்ட ஊரின் ஆட்கள் இவர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

5

இதே 1793 நவம்பரில், பூமியின் மறுபக்கம், இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில் ஒரு குழந்தை பிறந்தது. யோஹான் ஃபிரீட்ரிக் எஷ்ஷோல்ட்ஸ். அவருக்கு 22 வயசானபோது 'ரூரிக்' என்ற ரஷ்யக் கப்பலில் மருத்துவராக, 1816 அக்டோபர் 2ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு வந்து சேர்ந்தார். வடமேற்குக் கடல்வழியைத் தேடி, கவுண்ட் ருமியான்ட்ஸெவ் என்ற பிரபு பணம் போட்டு அனுப்பிய கப்பல் அது. தலைவர் ஓட்டோ ஃபான் கொட்செபூ. கப்பலின் இயற்கையியலாளர் அடெல்பர்ட் ஃபான் சமிஸ்ஸோ, பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி ஜெர்மனிக்கு ஓடிவந்த குடும்பம். தன் நிழலை விற்றுவிட்ட ஒருவனின் கதையை 1814இல் வெளியிட்டுப் பேர் வாங்கியவர். கூடவே லூயி கோரிஸ் என்ற இளம் ஓவியர்.

ஒரு மாதம் தங்கினார்கள். அக்டோபர், கோடை முடிந்து மழை இன்னும் வராத மாசம். நிலம் காய்ந்து கிடந்தது. நீலப்பூ பூக்கும் பருவம் வசந்தம். தப்பான மாசத்தில் வந்தும் எஷ்ஷோல்ட்ஸும் சமிஸ்ஸோவும் கோட்டையைச் சுற்றியிருந்த மணல்மேடுகளிலும் புதர்களிலும் செடி சேகரித்தார்கள். 1820இல் சமிஸ்ஸோ, கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுப் பாப்பிக்குத் தன் நண்பர் பெயரை வைத்தார்: எஷ்ஷோல்சியா. வைக்கும்போது நண்பர் பெயரிலிருந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டார். முதலில் அச்சான வடிவமே செல்லும் என்பது தாவரவியல் விதி, ஆகவே இன்றுவரை அந்த எழுத்து இல்லை. புரொடக்‌ஷனுக்குப் போய்விட்ட தட்டச்சுப் பிழை. 1826இல் எஷ்ஷோல்ட்ஸ் பதில் மரியாதை செய்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில், அதே மணல்மேட்டு லூபின் ஒன்றுக்குச் சமிஸ்ஸோவின் பெயர். கூடவே இன்னொரு செடிக்கும் பெயர் வைத்தார்: சியனோத்தஸ் திர்சிஃப்ளோரஸ். கொத்தாகப் பூப்பது என்று பொருள். சியனோத்தஸ் என்ற முதற்பெயர் லின்னேயஸ் 1753இல் வைத்தது. பழைய கிரேக்கத்தில் ஏதோ ஒரு முட்செடிக்கு இருந்த பெயரை எடுத்து அமெரிக்கச் செடிக்கு மாட்டிவிட்டார்.

லத்தீனில் எழுதிய அந்தத் தாவரக் குறிப்பு செடியின் இலை, பூங்கொத்து என்று போகும். ஒரு தாவரக் குறிப்பில் என்ன இருக்க வேண்டுமோ அதுதான். செடியைச் சுற்றி நடந்ததற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. எஷ்ஷோல்ட்ஸ் அங்கே வந்தபோது தீத் தடைக்கு 23 வயசு, அவருக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. 1806இல் தட்டம்மை வந்து மிஷன்களில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் செத்திருந்தார்கள். ரூரிக் ஆட்கள் இதைப் பார்க்காமல் இல்லை. கோரிஸ் மிஷன் முற்றத்தில் நடந்த ஓலோனி மக்களின் நடனத்தை வரைந்தார். மிஷன்களில் இந்தியர்கள் வேகமாகச் செத்துக்கொண்டிருப்பதைச் சமிஸ்ஸோ கண்டித்து எழுதினார். ஆனால் செடி ஒரு தாளில் இருந்தது, மனிதர்கள் இன்னொரு தாளில். இரண்டையும் சேர்க்கும் நெருப்பு எந்தத் தாளிலும் இல்லை. டேட்டாபேஸ் மொழியில் சொன்னால், இரண்டு டேபிள் இருக்கு, நடுவுல இருக்கிற கீயைக் காணோம்.

6

பெயர் கிடைத்ததும் செடி பயணம் கிளம்பியது. லண்டன் தோட்டக்கலைச் சங்கம் தியோடர் ஹார்ட்வெக்கை 1840களில் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பியது. பின்னாலேயே வீட்ச் நாற்றங்கால் அனுப்பிய வில்லியம் லாப் வந்தார். இருவரும் நீலச் சியனோத்தஸ்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பூந்தோட்டத்தில் உண்மையான நீலம் அபூர்வம், அதனால் மவுசு. பிரெஞ்சு நாற்றங்கால்காரர்கள் அமெரிக்கக் கிழக்குக்கரை இனத்தையும் மெக்சிகோ இனத்தையும் கலந்து 'குளோவார் தெ வெர்சாய்' என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். இங்கிலாந்தின் குளிரில் செடி பிழைக்கத் தெற்குப் பார்த்த சுவரை ஒட்டி வளர்த்தார்கள். இன்றும் அங்கே அது 'சுவர்ச்செடி'தான்.

விதையிலிருந்து வளர்க்க நினைத்தவர்களுக்குத்தான் சிக்கல். விதைத்தால் முளைக்காது. தோட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி: கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து விதை மேல் ஊற்று, ஆறும்வரை ஊறவிடு, பிறகு சில வாரம் குளிரில் வை. அந்தக் கெட்டிலை நினைத்து நான் ரொம்ப நேரம் சிரித்தேன். ஒரு மலை முழுக்கப் பிடிக்கும் தீ, தோட்டக் கொட்டகையில் ஒரு கிண்ணம் வெந்நீராகச் சுருங்கிவிட்டது. நெருப்பை எதில் இருந்தும் முழுசாக நீக்க முடியவில்லை, எங்காவது ஓர் ஓரத்தில் வேறு பெயரில் இருக்கத்தான் செய்கிறது.

7

ஸ்பெயின் போய் மெக்சிகோ வந்து, அதுவும் போய் அமெரிக்கா வந்தது. தங்கம் கிடைத்தது. 1850இல் கலிஃபோர்னிய மாநிலத்தின் முதல் சட்டமன்றம் 'இந்தியர்களின் ஆட்சிக்கும் பாதுகாப்புக்குமான' சட்டம் என்று ஒன்று போட்டது. பெயரில்தான் பாதுகாப்பு. அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியக் குழந்தைகளை வெள்ளையர் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்ற பிரிவும் அதில் உண்டு. ஆட்சி மூன்று மாறியது, தடை மாறவில்லை.

1910இல் ஐடாஹோ, மொன்டானா பக்கம் ஒரு பெருந்தீ, எண்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அமெரிக்க வனத்துறைக்கு அது தீராத காயமாகிவிட்டது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் சிலர், சின்னச் சின்னத் தீயாக அடிக்கடி எரித்தால் பெருந்தீ வராது என்று வாதாடினார்கள், பெரும்பாலும் மர வியாபாரிகள். வனத்துறைக்காரர்கள் அதைக் கேலி செய்ய ஒரு பெயர் வைத்தார்கள்: 'பையூட் வனவியல்'. பையூட் என்பது ஒரு பழங்குடியின் பெயர். காட்டுவாசி செய்வதைப் படித்தவன் செய்யலாமா என்று அர்த்தம். 1920களில் அந்த வாதம் தோற்றது.

1935இல் வனத்துறை 'பத்து மணிக் கொள்கை'யைக் கொண்டுவந்தது. எந்தத் தீயாக இருந்தாலும், எங்கே பிடித்தாலும், தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் அதற்கு மறுநாள் காலை 10 மணி. இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் வேலை பார்க்கும் துறையில் இதற்கு எஸ்எல்ஏ என்று பெயர். டிக்கெட் வந்தால் இத்தனை மணி நேரத்தில் மூடு. ஏன் வந்தது என்று கேட்க நேரம் இல்லை. டாஷ்போர்டு பச்சையாக இருக்கும். அடியில் கடன் ஏறிக்கொண்டே இருக்கும். என்றைக்காவது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து படுக்கும், அன்றைக்கு எந்த எஸ்எல்ஏவும் உதவாது. 1970களில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். அதற்குள் நாற்பது வருஷத்துச் சருகும் குச்சியும் பல காடுகளில் சேர்ந்துவிட்டது.

8

கதையை இங்கேயே முடித்தால் வசதியாக இருக்கும். தீயைத் தடுத்தார்கள், தப்பு. தீ வந்தது, நீலப்பூ திரும்பி வந்தது, நல்லது. நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கதையில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதலாவது, எல்லா நிலத்துக்கும் ஒரே கணக்கு கிடையாது. சப்பாரலுக்குத் தீ தேவை, ஆனால் அடிக்கடி வந்தால் அதற்கு ஆகாது. விதையை மட்டும் நம்பும் சியனோத்தஸ் முளைத்து, வளர்ந்து, மண்ணில் மறுபடி விதை சேர்க்கச் சில வருஷம் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் சேமிப்பு காலி. தெற்குக் கலிஃபோர்னியாவில் இன்று நடப்பது இதுதான். மின்கம்பி, வண்டி, அணைக்காத அடுப்பு என்று மனிதர்களால் பிடிக்கும் தீ அதிகமாகி, புதர்க்காடு அழிந்து, வெளிநாட்டுப் புல் ஏறிய வெற்றுச் சரிவுகளாகிக்கொண்டிருக்கின்றன. அங்கே 'எரிய விடு' என்று சொல்வதும் 'பத்து மணிக்குள் அணை' என்பது மாதிரியே பார்க்காமல் எழுதிய விதிதான்.

இரண்டாவது ஓட்டை எனக்கு வலித்தது. கிரோஸ்தே பள்ளத்தாக்கில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமா முட்சன் பழங்குடியினரும் சேர்ந்து மண்ணைத் தோண்டினார்கள். சாண்டா குரூஸ், சான் ஹுவான் பௌதிஸ்தா மிஷன்களுக்குள் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இந்த அமா முட்சன் மக்கள். கருகிய விதைகளையும், புல்லின் உயிரணுக்களில் படிந்து புல் மக்கிய பிறகும் மண்ணில் தங்கும் சிலிக்காத் துகள்களையும் எண்ணிப் பார்த்தார்கள். இன்று புதரும் டக்ளஸ் ஃபர் மரங்களும் மூடிய அந்த இடம், பல நூற்றாண்டுகள் புல்வெளியாக இருந்திருக்கிறது. தானாக அல்ல. அடிக்கடி, கவனமாக, சின்னச் சின்னத் தீயாக எரித்ததால்.

அப்படியென்றால் அந்த மக்கள் பார்த்துக்கொண்ட நிலத்தில், பிக் பேசினில் நான் பார்த்த மாதிரி மலைச்சரிவு முழுக்க நீலச் சுவர் எழும்பியிருக்க வாய்ப்பு குறைவு. நீலப்பூ இருந்திருக்கும், ஓரங்களில், திட்டுத் திட்டாக. ஒரு காடே எரிந்தால்தான் அவ்வளவு நீலம் ஒரே நேரத்தில் வரும். நான் வாயைப் பிளந்து பார்த்த அழகு, காடு மீண்டு வருவதன் அடையாளம் மட்டுமில்லை. தோட்டக்காரர்களைத் துரத்திவிட்ட தோட்டத்தின் அடையாளமும்தான். 'யாரும் நடலை' என்று அந்தப் பெண்மணி சொன்னது சரி. பார்த்துக்கொள்ளவும் யாரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இந்த நுணுக்கம் நூலகத்தில் இல்லை, மண்ணில் இருந்தது. ஸ்பானிய ஆணை, லத்தீன் குறிப்பு, ஆங்கிலச் சட்டம் மூன்றும் விட்டுவிட்ட தீயை விதையும் கரியும் குறித்து வைத்திருந்தன.

9

சில விஷயங்கள் மாறுகின்றன. 2019இல் கலிஃபோர்னிய ஆளுநர் பழங்குடிகளிடம் அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டார். 2021இல் வந்த ஒரு சட்டம், அனுமதியோடு கவனமாக எரிப்பவர்கள் மேல், தீ அணைக்கும் செலவு முழுக்க விழாமல் பாதுகாப்புக் கொடுத்தது. பழங்குடியினரின் எரிப்பையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். 2024இல் இன்னொரு சட்டம், பழங்குடி அரசுகள் மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தங்கள் வழக்கப்படி எரிக்க வழி திறந்தது. 1793இல் போட்ட பூட்டுக்கு 231 வருஷம் கழித்து ஒரு சாவி.

ஆனால் அந்த 2024 சட்டம் அமெரிக்க மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடிகளுக்கானது. அமா முட்சன் மக்களுக்கு அந்த அங்கீகாரம் இல்லை. எந்த மக்களின் தீயை முதலில் தடை செய்தார்களோ, அவர்கள் வழிவந்தவர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். தங்கள் நில அறக்கட்டளை வழியாகக் கிரோஸ்தே பள்ளத்தாக்கில் ஃபர் மரங்களையும் ஏறிய புதரையும் கையால் வெட்டி எடுத்துப் பழைய புல்வெளியை மீட்கும் வேலையில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும் நான் யார் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விசாவில் வந்து, வாடகை கொடுத்து, அந்த மலைகளைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவன். எங்கள் அபார்ட்மென்ட் வாசலிலும் ஒரு சியனோத்தஸ் இருந்தது. நாற்றங்காலில் வாங்கி நட்ட ஏதோ ஒரு ரகம். தினமும் அதன் பக்கத்தில் காரை நிறுத்தியும் நான்கு வருஷமாக எனக்கு அது என்னவென்று தெரியாது. கோடை முழுக்கக் காய்ந்து நிற்கப் பழகிய செடி அது. தோட்டப் பராமரிப்பு ஆட்கள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் சொட்டு நீர் விட்டார்கள், வேர் அழுகிவிட்டது. போன வருஷம் அதைப் பிடுங்கி எறிந்து வேறு ஏதோ வைத்தார்கள்.

பிடுங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் காய் வெடிக்கும் சத்தம் கேட்டு ஒரு கை விதை பொறுக்கி வைத்திருந்தேன். காபிக்குக் கொதிக்கவைத்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். ஆறிய பிறகு ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் மூன்று மாதம் வைத்தேன். கெட்டிலோடு நிற்கும் இன்னொரு தோட்டக்காரன், அவ்வளவுதான். இருபதில் ஏழு முளைத்தது.

அம்மா வீடியோ காலில் பார்த்தாள். "என்ன செடிடா அது, இத்துனூண்டு?"

"நம்ம இலந்தைக்குச் சொந்தம்மா."

"முள் இருக்குமா?"

"இதுக்கு இல்லை."

"அப்ப ஆடு விடாது," என்றாள். இங்கே ஆடு இல்லை, மான் இருக்கிறது. மானுக்கு இந்தச் செடி ரொம்பப் பிடிக்கும். தொட்டியை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தேன். இந்தத் தடவை கோடையில் தண்ணீர் விடக்கூடாது என்று போனில் நினைவூட்டல் போட்டிருக்கிறேன்.